ரெக்கென்டார்ஃபர் எதிர் ஃபேபர் வழக்கு

ரெக்கென்டார்ஃபர் எதிர் ஃபேபர் என்பது, ரப்பர் பொருத்திய பென்சிலின் காப்புரிமை குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1875 இல் தீர்ப்பளித்த வழக்காகும்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹைமன் லிப்மன் 1858 மார்ச் 30 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். அவரது பென்சிலில் ஒரு முனையில் கிராபைட்டும், மறுமுனையில் மரத்துக்குள்ளேயே ரப்பரும் இருந்தன. இரு முனைகளையும் சீவிப் பயன்படுத்தலாம். அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய ஜோசப் ரெக்கென்டார்ஃபர், தமது மேம்பாட்டுக்கு 1862 இல் தனிக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் பென்சில் தயாரிப்பாளர் ஃபேபர் தம் உரிமையை மீறியதாக வழக்குத் தொடர்ந்தார்.

இரு காப்புரிமைகளும் செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது ரப்பருக்கு வேலையில்லை. அழிக்கும்போது கிராபைட்டுக்கு வேலையில்லை. தனித்தனியே செய்ததையே அவை சேர்ந்தபின்னும் செய்தன; சேர்க்கையால் புதிய விளைவு எதுவும் தோன்றவில்லை. உரிமையே செல்லாததால் மீறல் குற்றச்சாட்டும் நிற்கவில்லை. பொருள் பயனுள்ளதாக இருப்பது மட்டும் காப்புரிமைக்குப் போதாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.