நிழற்படம் உரைக்கும் சான்று

கோயிலைப் பிரிந்த திருமேனி தன் ஊரையும் பேரையும் இழந்துவிடுகின்றது. அது நின்ற இடம், உடன் நின்ற திருமேனிகள், வழிபட்ட மக்கள் ஆகியவற்றை அறியாமல் அதன் வரலாற்றை முழுமையாக எழுதுதல் அரிது. அருங்காட்சியகப் பேழையில் உலோகத்தின் பெயரும் நூற்றாண்டும் தாங்கிய சிறு சீட்டொன்றே அதற்கு எஞ்சிய வரலாறாகும்.

இவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் வழி நம் காலத்தில் பிறந்துள்ளது. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தம்மிடமுள்ள பொருள்களின் படங்களையும், அவை வந்த ஆண்டு, உயரம், முந்தைய உடைமையாளர் முதலிய குறிப்புகளையும் மின்னுருவாக்கி இணையத்தில் வைத்துள்ளன. எனினும், ஒரு பொருள் முன்பு எங்கிருந்தது என்பதை உறுதி செய்ய வேறொரு சான்று வேண்டும். தமிழகத்தைப் பொறுத்தவரை அச்சான்றைப் புதுச்சேரி அளிக்கின்றது. ஆங்கு 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் ஊர்தோறும் கோயில்களையும் திருமேனிகளையும் நிழற்படமாக்கத் தொடங்கியது. அவ்வாறு சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை.

அத்தொகுதியின் பயனை இரு நிகழ்ச்சிகளால் உணரலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தின் வழியே திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்றைப் பெற்றது. வாளும் கேடயமும் ஏந்திய வடிவம் அது. ஆய்வாளர் ஒருவர் புதுச்சேரித் தொகுதியில் 1957-ஆம் ஆண்டின் படமொன்றைக் கண்டார். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் அதே ஆழ்வார் நின்றிருந்தார்! 2019-இல் இச்செய்தி வெளிப்பட்டதும், அருங்காட்சியகத்தாரே இந்திய அரசுக்கு அறிவித்தனர். கோயிலிலோ, போலி உருவம் ஒன்று ஆழ்வாரின் இடத்தில் நின்றது தெரியவந்தது. திருமேனியைத் திருப்பி அளிக்க ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக மன்றம் 2024 மார்ச்சில் இசைந்தது.

மற்றொன்று அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் நடராசர். 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு இதனை வாங்கியது. தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரே இஃது இந்தியாவை விட்டுச் சென்றதாக விற்றோர் காட்டிய பத்திரங்கள் கூறின. ஆனால் 1994-இல் அதே நடராசர் தம் கோயிலிலேயே இருந்ததைப் புதுச்சேரிப் படம் காட்டியது. பத்திரம் பொய்த்தது, படம் வென்றது. 2014 செப்டம்பரில், தலைநகர் புதுடில்லியில் ஆஸ்திரேலியப் பிரதமர் அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

படங்களை ஒப்புநோக்குவோர்க்கு விழிப்பும் வேண்டும். ஒரே மரபில் வார்த்த திருமேனிகள் தம்முள் ஒத்திருத்தல் இயல்பு. ஆகவே முகச்சாயல் மட்டும் சான்றாகாது. பீடத்தின் வெடிப்பு, திருவாசியில் முறிந்த சுடர், விரல்நுனியின் தேய்வு போன்ற தனி அடையாளங்களே உண்மையை நிலைநாட்டும். வார்ப்பின் அழகைக் காணும் கண்ணுக்கு அதன் வடுக்களைக் காணும் பொறுமையும் வேண்டும்.

அன்று படமெடுத்தோர் திருட்டைத் துப்பறியும் நோக்கத்துடன் சென்றாரல்லர். கலையையும் சமயத்தையும் ஆராயவே சென்றனர். ஊரும் ஆண்டும் தவறாது குறித்து வைத்த அவர்தம் கடமையுணர்வே பல்லாண்டு கழித்துச் சான்றாக நின்றது. ஆனால் படமெடுக்கப்படாத கோயில்களும் உண்டு. அவற்றினின்றும் மறைந்த திருமேனி கண்முன்னே நின்றாலும், தன் ஊரைச் சொல்ல வழியற்று நிற்கும்.

தாயகம் விட்டு வந்து வாழும் நம் வீடுகளிலும் குலதெய்வக் கோயிலில் எடுத்த பழம்படங்கள் இருத்தல் கூடும். மக்கள் முகத்துக்காகப் போற்றிய படத்தில், பின்னே நிற்கும் தெய்வமும் பதிந்திருக்கலாம். அதன் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் இன்றே எழுதி வைப்போம். நம் பிறந்த ஊருக்கு நாம் ஆற்றும் சிறு தொண்டு அதுவாகுக!