ஏரிக்கு வந்த மானியம் எங்கே போயிற்று?

மானியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது உர மூட்டையும், மின்மோட்டாரும், சொட்டுநீர்க் குழாயும்தான். அரசாங்கம் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும், உழவன் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வான்; அதற்கு மானியம் என்று பெயர். ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வாழ்வு உண்டு. அந்நாளில் மானியம் என்றால் நிலம். வரி நீக்கி விடப்பட்ட நிலம். ஒரு காரியத்திற்காக ஒதுக்கப்பட்டு, அந்தக் காரியம் நடக்கும் வரையில் எவரும் தொடக்கூடாத நிலம். அத்தகைய மானியங்களிலே ஏரிக்கென்று விடப்பட்டவையும் இருந்தன. ஏரிப்பட்டி என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன.

கோயில் மானியத்தைப் பற்றி நம் நாட்டில் பேசாத வாயில்லை. பிரமதேயத்தைப் பற்றி எழுதாத ஏடில்லை. ஏரிப்பட்டியைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை மௌனம்? ஊர் கூடி உழவைக் காக்க ஒதுக்கிய செல்வம் அது. அது எப்படிப் பிறந்தது, யார் கையில் இருந்தது, யார் தோளில் ஏறி நின்றது, கடைசியில் எங்கே கரைந்தது என்று பார்ப்போம்.

தொண்டை மண்டலத்திலே பேராறு ஓடி வளம் கொழிக்கவில்லை. பாலாறு பல மாதங்கள் மணலாறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுகிற மழையைத் தேக்கி வைத்தால்தான் தை மாதத்திலே நெல். ஆகவே கரை எழுப்பினார்கள், மடை வைத்தார்கள், மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலுங்கு கட்டினார்கள். மகேந்திரவாடியிலே முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் ஒரு ஏரி, உத்தரமேரூரிலே வயிரமேகத் தடாகம், காவேரிப்பாக்கத்திலே ஒரு கடல் போன்ற ஏரி எனப் பல்லவர் காலத்திலேயே இந்தத் தொழில் முதிர்ந்துவிட்டது.

ஏரி வெட்டுவது ஒரு நாள் விழா. ஏரியைக் காப்பது ஓயாத வேலை. ஒவ்வொரு மழையும் நீரை மட்டுமா கொண்டுவருகிறது? மண்ணையும் கொண்டுவருகிறது. ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படியும், கொள்ளளவு குறையும், மடை அடைபடும், கரையிலே நண்டும் எலியும் வளை தோண்டும். வாராமல் விட்ட ஏரி ஒரு தலைமுறைக்குள் மேய்ச்சல் தரையாகும். அதனால்தான் நிலமும் பொன்னும் ஏரிக்கென ஒதுக்கப்பட்டன. பொன்னைச் சபையிடம் ஒப்படைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் குழி தோண்டி வண்டல் அள்ளச் செய்தனர். நீர் நிறைந்திருக்கும் காலத்திலும் வேலை நிற்காதபடி ஓடம் விட்டு மண் எடுத்தனர். ஓடக்காரருக்குக் கூலி நெல் ஏற்படுத்தினர். எடுத்த வண்டலை வயலிலே கொட்டினால் அது எரு. ஏரிக்கு நன்மை, வயலுக்கு நன்மை. இதைக் கண்டுபிடித்த உழவனுக்கு எந்தப் பல்கலைக் கழகமும் பட்டம் வழங்கவில்லை.

இத்தகைய கல்வெட்டுகளின் கடைசியிலே ஒரு வேடிக்கை. இந்தத் தருமத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேல் என்றும், இதற்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான் என்றும் பொறித்து வைத்தார்கள். தணிக்கைத் துறை இல்லாத காலத்திலே நரகத்தைத் தணிக்கை அதிகாரியாக அமர்த்திவிட்டார்கள்! நரகத்துக்கு அஞ்சி எத்தனை பேர் ஏரிப்பட்டியை விழுங்காமல் விட்டார்களோ, நாம் அறியோம். விழுங்கத் துணிபவர் எவரும் இல்லை என்றால் இந்தச் சாபத்தைக் கல்லிலே செதுக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

உத்தரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைக் காட்டி, குடவோலை முறையைச் சொல்லி, ஜனநாயகத்தின் தொட்டில் இதுவே என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முழங்கட்டும். அந்தக் கல்வெட்டை முழுவதும் படித்தவர்கள் எத்தனை பேர்? முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்தனர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் நுழைய முடியாது. அவன் சுற்றத்தாருக்கும் தடை. பாராட்ட வேண்டிய விதி; இன்றைய சங்கங்கள் பல இதைக் கண்டு நாண வேண்டும்.

ஆனால் குடத்தில் யார் பெயர் எழுதிய ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். அத்துடன் முடிந்ததா? மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்ளலாம்! கரையிலே எத்தனை கூடை மண் கொட்டினான், மடைக்குள் எத்தனை முறை மூழ்கி அடைப்பை நீக்கினான் என்று ஒரு கேள்வியும் இல்லை. அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். ஏரியை ஆளும் உரிமை வேதத்துக்கு. ஏரியில் இறங்கும் கடமை வேதத்தைக் காதால் கேட்கவும் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டவனுக்கு. தொட்டில் என்கிறார்கள், தொட்டிலிலே கிடந்தது யார் வீட்டுக் குழந்தை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நமக்கு வழக்கில்லை.

காலம் உருண்டது. 1763-ல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமை கும்பெனியாருக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கிலே நாம் காண்பது என்ன? அறுவடை முடிந்து களத்திலே பொலி குவிந்ததும், அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே பல பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கருமானுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. மேரை என்றும் சுதந்திரம் என்றும் இவற்றுக்குப் பெயர். ஆம், அந்நாளில் சுதந்திரம் என்பது களத்திலே அள்ளிக்கொடுக்கும் நெல்! எடுத்து வைத்த பங்குகளின் அளவு சமமானதா என்று கேட்டால், அல்ல. கோயிலுக்கு அள்ளிய மரக்கால் வேறு, வெட்டியானுக்கு அள்ளிய மரக்கால் வேறு. எனினும் ஏரிக்கென்று ஒரு குவியல் இருந்தது. வரிவசூல்காரன் கை வைக்கும் முன்பே அது தனியே ஒதுங்கி நின்றது. இந்த ஒன்றை நினைவிலே நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இந்தக் குவியல் மறைந்த கதைதான்.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி மராமத்து இல்லாமல் வரி இல்லை என்பதைப் புரிந்துகொண்டவர். அவரைச் சுற்றித்தான் மதுராந்தகத்திலே ஒரு கதை கட்டினார்கள். பெருமழை, ஏரிக்கரை உடையும் நிலை, நள்ளிரவிலே கரைக்கு வந்த துரையின் கண்ணுக்கு, வில்லும் அம்பும் ஏந்திய இருவர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். இராமரும் இலட்சுமணரும்தானாம். கரை உடையவில்லை. மகிழ்ந்த துரை அங்கே தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தாராம். கும்பெனி ஜாகீர்க் கலெக்டரின் தருமம் என்று கோயிலிலே கல்வெட்டும் உண்டு. இன்றைக்கும் அது ஏரி காத்த இராமர் கோயில்.

தோழர்களே, ஏரிக்கரை மழையிலே ஏன் உடையவில்லை? கலுங்கு வேலை செய்தால் உடையாது. கரை கெட்டிப்பட்டிருந்தால் உடையாது. மண்ணும் வைக்கோலும் மரக்கிளையும் கொண்டுவந்து, நனைந்து, நடுங்கி, இரவெல்லாம் அடைத்தால் உடையாது. அப்படி அடைத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் சேரியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். அந்தச் சந்நிதிக்குள் நுழையவும் உரிமையற்றவர்கள். கரையைக் காத்த புகழ் வில்லேந்திய சிலைக்குப் போயிற்று. துரை தந்த செல்வம் சந்நிதிக்குப் போயிற்று. இரண்டில் ஒன்றாவது மண்வெட்டிக்காரன் வீட்டை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

பிறகு வந்தது ரயத்துவாரி. தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை கவர்னராக இருந்தபோது அது நிலைபெற்றது. அரசு ஒருபுறம், பட்டாதாரன் ஒருபுறம். நடுவே ஊர் என்ற ஒன்று கணக்கில் இல்லை. களத்துமேட்டுப் பங்கு போய், ரொக்க வரி வந்தது. ஏரிக்கு எடுத்து வைத்த குவியலும் அரசின் வருவாயிலே கலந்தது. 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் மானியங்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தது. சலுகை வரி கட்டு, நிலத்தை உன் சொந்தமாக்கிக்கொள் என்றது. ஊழியத்துக்கென விடப்பட்ட நிலம் பல இடங்களிலே ஊழியத்தை உதறிவிட்டுத் தனிச்சொத்தாயிற்று. மானியம் இருந்தது, அது எதற்காக இருந்ததோ அது இல்லை.

ஏரியின் பையை இவ்வாறு காலி செய்துவிட்டு, அதே 1858-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், அவ்வாண்டின் முதற் சட்டம். கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், அக்கம்பக்கத்து ஊர்களிலுள்ள உழைக்கும் வகுப்பினரான உடல்வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் வேலைக்கு அழைக்க அதிகாரிக்கு உரிமை. உழைக்கும் வகுப்பினர்! நிலம் யாருடையதோ அவரை அழைக்கவில்லை. நீர் யார் வயலுக்குப் பாயுமோ அவரை அழைக்கவில்லை. வழக்கப்படி ஊரார் கூடிச் செய்ய வேண்டிய ஏரி வேலைக்கு வராதவன், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றும் அச்சட்டத்தில் விதி உண்டு. குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையோடு சொல்லும் பெயர் அரசாங்கத் தாள்களிலே அடிபட்ட காலம் இதுதான். மராமத்து அரபுச் சொல்; தனித்தமிழ்த் தோழர்கள் பொறுத்தருள வேண்டும்.

மானியம் இருந்தவரையில் ஊர் வேலை செய்தது. மானியத்தைப் பறித்த பின் ஊர் சோம்பேறியாகிவிட்டது என்று கமிஷனுக்குக் கமிஷன் எழுதினார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போன பிறகு, 1883-ல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். வேலை ஆமை நடை நடந்தது.

நிலமே இல்லாதவனுக்கு ஏரி நிறைந்தால் என்ன, வறண்டால் என்ன என்ற கேள்வியை அதிகாரிகளில் ஒருவர் கேட்டார். செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர், 1891-ல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய குறிப்பிலே, தரிசு நிலத்திலும் மிராசுதாரருக்கே முதல் உரிமை என்றிருந்த வழக்கத்தை உடைத்துக் காட்டினார். 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை அதன் விளைவு. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அது. ஏரிப்பட்டிக்குப் பின் உழவுக்கென்று பிறந்த பெரிய மானியம் இதுவே எனலாம். ஆனால் கொடுத்தது பெரும்பாலும் தரிசும் மேடும். ஏரிப்பாசன நஞ்சை ஏற்கெனவே உடையவர் கையிலே இருந்தது. அந்தப் பஞ்சமி நிலத்திலும் எவ்வளவு பிறர் கைக்கு மாறிற்று என்பது இன்றுவரை மன்றங்களிலே வழக்காடப்படும் செய்தி.

விடுதலைக்குப் பின் ஜமீன் ஒழிந்தது. 1963-ன் சட்டத்தால் சிறு இனாம்களும் ஒழிந்து ரயத்துவாரியாயின. நல்லதே. ஆனால் ஏரி என்ன ஆயிற்று? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். வசதி படைத்தவன் கிணறு வெட்டினான், மோட்டார் வைத்தான், ஆழ்துளைக் குழாய் இறக்கினான். ஏரி நிரம்பாவிட்டாலும் அவன் வயல் நனைந்தது. ஏரிக் கூட்டத்துக்கு அவன் ஏன் வருவான்? 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப் பாசனம் இருந்தது. நூற்றாண்டின் முடிவிலே அது பெருமளவு குறைந்துவிட்டது.

பிறகு வெளியிலிருந்து மானியம் வந்தது. 1984-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரிகளைப் புதுப்பித்தார்கள். வாய்க்கால்களுக்குச் சிமெண்டுப் பூச்சு வந்தது. 1992-ல் மதுரைப் பக்கத்திலே வயலகம் என்ற பெயரில் ஏரிப் பாசனத்தாரைச் சங்கமாக்கும் முயற்சி தொடங்கிற்று. ஊரார் தம் பங்காக ஒரு தொகை போட்டால்தான் வேலை என்றார்கள். 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்து, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை அறிவித்தது. 10 விழுக்காடு பாசனத்தார் பங்கு, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. கொள்கை நன்று. ஆனால் பாசனத்தார் யார்? நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கென 2000-த்தில் இயற்றிய சட்டத்திலே வாக்குரிமை நிலத்தின் வழியாகத்தான் வருகிறது. கால் வேலி போய்ப் பட்டா வந்திருக்கிறது. பாஷ்யம் மட்டும் கேட்கவில்லை.

சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரத்து ஏரிகளை ஆராய்ந்து டேவிட் மாஸ் 2003-ல் வெளியிட்ட நூலிலும், பழைய ஊர்ச் சமுதாயம் என்று போற்றப்படும் ஏற்பாடு சாதியாலும் ஆட்சியாலும் கட்டப்பட்டது என்பதைக் காண்கிறோம்.

ஊர்தோறும் நீர்க்கட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும், கம்புகட்டி என்றும் ஒருவர் இருந்தார். இன்னும் சில ஊர்களில் இருக்கிறார். பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். மடை திறப்பவர் அவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அறிந்தவர் அவர். நீர் குறைந்த ஆண்டிலே கடைமடைக்காரனுக்கும் தலைமடைக்காரனுக்கும் இடையே வசவு வாங்குபவரும் அவரே. அவருக்குச் சம்பளம் அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல். குழாய்க்கிணறு உள்ளவர் அளப்பதில்லை. ஏரி நிரம்பாத ஆண்டிலே யாரும் அளப்பதில்லை. சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் பட்டா உள்ளவர்கள் வந்து நாற்காலியில் அமர்கிறார்கள். அன்றைக்கும் மடைச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. கூட்டம் முடியும் வரை அவர் வாசலிலே நிற்கிறார்.