உடைப்பதற்கு முன்னால் ஓடாவியைக் கூப்பிடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம், மூர்வீதிப் பக்கமெல்லாம் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன. இரும்புக் குழாய் ஏறுகிறது, அலுமினிய யன்னல் வருகிறது. கழற்றிய பனங்கைமரம் விறகு விலைக்குப் போகிறது. வசதி வந்தால் வீட்டை மாற்றுவது அவரவர் உரிமை, அதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மரத்தோடு எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் ஒரு பகுதியும் லொறியில் ஏறிப் போவதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சொல். தச்சு வேலை செய்பவரை நாங்கள் ஓடாவி என்போம். தமிழ் அகராதியைப் புரட்டினால் ஓடாவி என்பவர் ஓடம் கட்டுபவர். கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் பெரிய மரக்கலங்களைக் கட்டும் தச்சர்களை இன்றும் ஓடாயி என்றுதான் அழைக்கிறார்கள். ஆக, வள்ளம் கட்டிய கைதான் கரைக்கு வந்து வீட்டுக்கும் கூரை போட்டது. அந்தக் கையின் தரம் தெரிய வேண்டுமானால் வல்வெட்டித்துறையைப் பாருங்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. எங்கள் கரையில் அவ்வளவு பெரிய கப்பல் கட்டினார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடலை நம்பிய ஊர்களில் தச்சு வேலைக்கு அப்படி ஒரு பின்னணி இருந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

மற்றச் சொற்களும் கதை சொல்லும். கதவும் நிலையும் எங்களுடையவை. யன்னல், அலுமாரி, கதிரை மூன்றும் போர்த்துக்கீசச் சொற்கள்; அவர்கள் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்கள். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போனது லாச்சி. மேசன் பாஸ், தச்சு பாஸ் என்கிறோமே, அந்தப் பாசும் ஒல்லாந்து மொழியில் எசமானைக் குறிக்கும் சொல்தான். கூலிக்கு வருபவரை எசமான் என்று கூப்பிடும் ஊர் எங்களுடையது!

இனி மரத்துக்கு வருவோம். தீவில் கூரைக்கு உதவும் மரம் என்றால் பனைதான். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஆனால் ஓடாவிக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை, உள்ளே பஞ்சு மாதிரி. பனை நேர்மாறு: வெளிப்புறம் இரும்பு, நடுவில் சோறு. முற்றிய மரத்தைத் தறித்து, ஆப்பு வைத்துப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எடுத்தால் கைமரம் கிடைக்கும். அடிமரம் ஒரு தரம், நுனிமரம் வேறு தரம். துளை போடாமல் அடித்தால் ஆணி வளையும். அடித்த ஆணியையும் உப்புக்காற்று சில வருடத்தில் தின்றுவிடும். அதனால் நல்ல ஓடாவி ஆணியைக் குறைத்துப் பொருத்தை நம்புவார். கதவு நிலைக்கு முதிரையும் பாலையும் பெருநிலப்பரப்புக் காட்டிலிருந்து வரவேண்டும். அதை வைத்துத்தான் ஒரு வீட்டின் வசதியை ஊர் அளந்தது.

வேலைக்குப் பிடிப்பதில் இரண்டு முறை, நாட்கூலியும் கொந்தராத்தும். நாட்கூலி என்றால் காலைச் சாப்பாடும் பகல் சோறும் தேத்தண்ணியும் வீட்டுக்காரர் பொறுப்பு. மகளுக்கு வீடு கட்டும் வாப்பாமார் நாட்கூலியைத்தான் விரும்பினார்கள், அவசரத்தில் வேலை கெடக்கூடாது என்று. ஓடாவி எங்களவராகவும் இருப்பார், பக்கத்து ஊர்த் தமிழராகவும் இருப்பார். நிலை வைக்கும் நாளில் நாங்கள் பாத்திஹா ஓதுவோம், அவர் தன் முறைப்படி கும்பிட்டுவிட்டு உளியைத் தொடுவார். சாரமும் காசும் வாங்கிக்கொண்டு போனவர், பத்து வருடம் கழித்து ஒழுக்குப் பார்க்க வந்தால் எந்தக் கைமரம் நுனிமரம் என்று ஏணி வைக்காமலே சொல்வார். வீட்டின் வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் அடித்தது. பிரிந்த கூரைகளைத் திரும்பப் பூட்டத் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

பிறகு 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தீவிலிருந்த எங்களில் பெரும்பாலானோர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். புத்தளத்தில் கம்பும் கிடுகுமாக வருடக்கணக்கில் இருந்தோம். இங்கே பூட்டிவிட்டு வந்த வீடுகளில் ஓடும் கதவும் யன்னலும் கைமரமும் போயின. கல்லை யாரும் சுமப்பதில்லை, மரத்துக்குத்தான் விலை. யுத்தத்தில் பனைக்குப் பங்கர் என்றொரு வேலையும் வந்தது, இரு தரப்பும் தறித்தார்கள். அடம்பன், மடுப் பக்கத்துத் தமிழ்ச் சனங்களும் பின்னர் இடம்பெயர்ந்து கூரையில்லாத சுவர்களுக்குத்தான் திரும்பினார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

2009க்குப் பிறகு திரும்பியபோது சுவருக்குள் மரம் முளைத்திருந்தது. 2012இல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. காசு கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும், மேசனையும் ஓடாவியையும் அவரே பிடிக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வடக்கு முழுக்க ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் ஏறவேண்டியிருந்தது. ஓடாவி எங்கே? இருபது வருடம் ஊரில் வீடே கட்டவில்லை என்றால் மகன் யாரிடம் தொழில் படிப்பான்? கிடைத்தவர்களின் கூலி ஏறியது, மரவிலையும் ஏறியது. காயாத பச்சைமரத்தில் செய்த நிலைகள் சில அடுத்த வெயிலுக்கே முறுக்கிக்கொண்டன. கதவை உதைத்துப் பூட்டும் வீடுகள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் தாண்டி நிற்கும் கூரைகளைத்தான் இப்போது இறக்குகிறோம். இறக்க முன்னால் ஒரு ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பனங்கைமரம் பெரும்பாலும் சுவரில் உட்காரும் முனையில்தான் உக்கும், அங்கேதான் மழைத்தண்ணி தேங்கும். உளியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முனையை வெட்டி ஒட்டுப்போட்டு, ரீப்பையை மட்டும் மாற்றினால் போதும் என்று அவர் சொல்லக்கூடும். பிடிக்கும்போது மரத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாகப் பேசி ஒரு தாளில் எழுதுங்கள். காசை வேலை நகர நகரக் கொடுங்கள். பகல் சோற்றை மட்டும் பழையபடி கொடுங்கள்.

எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறார்கள். வீடு எந்த ஒழுங்கையில், எந்த ஆண்டு கட்டியது, எந்த மரம், கூரை போட்ட ஓடாவி யார் என்று நாலே பத்திதான். உம்மாமாரிடமும் மூத்தம்மாமாரிடமும் கேட்டு அனுப்புங்கள். பெயர் ஞாபகம் இல்லையென்றால் அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்றாவது எழுதுங்கள், மிச்சத்தை நாங்கள் விசாரிக்கிறோம்.