குடவோலையும் சூதாட்டமும்



மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவரின் தந்தை அண்மையில் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதுமாகவே இருக்கிறது. இது சூதாட்டப் பாடம் அல்லவா?” என்று வினவினார். நிகழ்தகவுப் பாடத்தை மட்டும் படிக்க வேண்டாமென்று மகனிடம் சொல்லியும் விட்டாராம். அவருக்கான விடை நம் உத்திரமேரூரிலேயே கல்லில் இருக்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919-இல் எழுதப்பட்ட தேர்தல் விதிகள் 921-இல் திருத்தப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். ஒரு சிறுவன் ஓலையை எடுக்க, பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கினார். கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது. அது பிராமணர் சபை, எல்லோருக்கும் அதில் இடமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஒருசார்பைத் தடுக்கச் சீட்டையே அவர்கள் நாடினர்.

இனி அதையே கணக்காக்குவோம். நான்கு குடும்புகளில் தலா இரண்டு ஓலைகள், ஒன்று முதியவருடையது, மற்றது இளையவருடையது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் 2×2×2×2 = 16 வகைகளில் முடியலாம். அவற்றுள் முதியவர் ஒருவருமில்லாதது 1, ஒருவர் மட்டும் வருவது 4, இருவர் 6, மூவர் 4, நால்வரும் 1. ஆகவே சரியாக இரு முதியவர் வரும் நிகழ்தகவு 6/16, அதாவது 3/8. இதுவே ஈருறுப்புப் பரவல்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு குலுக்கலிலும் விளைவுகள் இரண்டே, வாய்ப்பு மாறாதது, ஒன்று மற்றொன்றைப் பாதிக்காதது. முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவர் மீண்டும் வரக்கூடாது என்கிறது கல்வெட்டு. எனவே ஒரே குடும்பின் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. சென்ற ஆண்டின் முடிவு இவ்வாண்டைப் பாதிக்கிறதல்லவா?

1, 4, 6, 4, 1 என்னும் எண்வரிசையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். பக்தாதில் வாழ்ந்த அல்கரஜீ வகுத்த எண்முக்கோணத்தை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல் தம் ‘அல்பாஹிர்’ நூலில் பன்னிரண்டாம் அடுக்கு வரை பதிவு செய்தார். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதம் எழுதிக்கொண்டது சூதாட்டக் கேள்வி பற்றியே என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோயை ஆராயும் மருத்துவர் நோயைப் பரப்புபவர் ஆவதில்லை.

மார்க்கத்தில் தடுக்கப்பட்டது சூது. பிறர் பொருளை உழைப்பின்றிக் கவர்வதும், அதனால் பகை விளைவதும் அதிலுள்ள தீமைகள். சீட்டுக் குலுக்கல் அத்தகையதன்று. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்பது எழுதுகோல்களை எறிந்து தீர்மானிக்கப்பட்டதைக் குர்ஆன் (3:44) கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் உடன்செல்லும் மனைவியைச் சீட்டிட்டுத் தேர்ந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது.

ஆகவே அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இதுதான்: பிள்ளை அப்பாடத்தைப் படிக்கட்டும். பல முறை ஆடினால் சூதாடி தோற்பதே பெரும்பாலும் நிகழும் என்பதையும் அவன் அதே பாடத்தில் கணக்கிட்டு அறிவான். அல்லாஹ் நன்கறிந்தவன்.