இரண்டாம் பாகத்தைப் படிக்கும் வயது

ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் குடும்பங்களில் வேதாகமத்துக்கு அடுத்த மரியாதையோடு படிக்கப்பட்ட புத்தகம். பெரும்பாலோருக்கு அது ஞாயிறு பள்ளிக் கதையாகத்தான் அறிமுகம்: முதுகில் பாவச்சுமை, வழியில் உளை, கோட்டையில் ராட்சதன். கதை தெரிந்துவிட்டது என்று அத்தோடு மூடிவைப்பவர்களே அதிகம். சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதைத் திரும்ப எடுக்க வேண்டிய காலம் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு என்றே தோன்றுகிறது. குறிப்பாக, 1678இல் வந்த முதல் பாகத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்துப் பனியன் எழுதிய இரண்டாம் பாகத்தை.

இந்த ஊருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் உறவு பழையது. 1805இல் ஹைதராபாத்தில் பிறந்த பெஞ்சமின் கீஸ்பெரி சிங்கப்பூரில் அச்சுக்கூடம் நடத்தியவர். பனியனை மலாயில் தந்தவரும் அவரே. லிட்டில் இந்தியாவின் தெற்கு எல்லையை ஒட்டி, இன்றைய பிரின்செப் ஸ்திரீட்டில் 1843இல் அவர் எழுப்பிய மலாய்ச் சிற்றாலயத்தின் வழிவந்த சபை இன்றும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து சிறிது நடந்தால் ஷார்ட் ஸ்திரீட். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885இல் தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியத்தின் தமிழ்ச் சபை வேரூன்றிய இடம் அது. அதே தெருவில், ஒரு கடைவீட்டில், 1887இல் சோஃபியா பிளாக்மோர் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான்.

அந்த ஒன்பது பேரைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. அன்றைய சிங்கப்பூரில் இந்தியர் என்றால் பெரும்பாலும் ஆண்கள். 1931இல்கூட ஐந்து ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் இருந்தார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ஆண் மட்டும் கப்பலேறியதன் விளைவு இது. இப்போது முதல் பாகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச் சொல்லிக் கதறுகிறார்கள். கதைநாயகன் கிறிஸ்தியான் இரண்டு காதுகளிலும் விரலை அடைத்துக்கொண்டு ஓடுகிறான். இருபது வயதில் அது வீரமாகத் தெரியும். ஐம்பதில் படிக்கும்போது கண் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது: பின்னால் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? இரண்டாம் பாகம் முழுக்க அதற்கான பதில்தான். கணவனிடம் கடுமை காட்டியதை எண்ணி வருந்தும் அவன் மனைவி கிறிஸ்தியானா நான்கு மகன்களோடு அதே வழியில் புறப்படுகிறாள். நடை மெதுவாகிறது. பிள்ளைகளுக்காகவும் முடியாதவர்களுக்காகவும் நின்று நின்று போகிறார்கள். வழியிலேயே மகன்களுக்குக் கல்யாணம் ஆகிறது, பேரப்பிள்ளைகள் பிறக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிங்கப்பூருக்குப் பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் வந்து சேர்ந்து, கூலிக்கு வந்தவர்களின் ஊர் குடும்பங்களின் ஊராக மாறியதும் இதே வரிசையில்தான்.

கிறிஸ்தியான் இரட்சிப்பைத் தேடி ஓடினான், சம்பளத்துக்காக அல்ல. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் குடும்பத்தைப் பிரிவது பனியனுக்கு வெறும் உருவகமாக இருக்கவில்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர் அவர். வெளியே மனைவியும் நான்கு பிள்ளைகளும், அவர்களில் பார்வையில்லாத மூத்த மகள். அந்தப் பிரிவின் வலியைத் தன் வரலாற்றிலும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஐம்பதைத் தாண்டிய வயதில், விட்டுவந்தவர்களின் பக்கம் திரும்பி அதே பாதையை மறுபடி எழுதினார் என்றால், தன் புத்தகத்தை முதலில் மறுவாசிப்புச் செய்தவர் அவரே என்பேன்.

வயதானபின் படிப்பது பக்தியை இளக்கிவிடும், வேறு பயன் இல்லை என்பது இன்னொரு மறுப்பு. இதற்குத் திருநெல்வேலியிலிருந்தே பதில் சொல்லலாம். கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக அவர் வெளியிட்டது 1894இல், அறுபத்தேழு வயதில். கம்பனில் ஊறிய புலமையும் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட கிறிஸ்தவ வாழ்வும் சேர்ந்த பிறகுதான் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட அந்தப் பாடல்கள் முழு உருவம் பெற்றன. முதுமை அவர் வாசிப்பை நெகிழவைத்ததாக யார் சொல்ல முடியும்?

மோட்ச நகரத்துக்கு முன் யாத்திரிகர்கள் கடக்க வேண்டிய கடைசி ஆற்றையும், அதாவது மரணத்தையும், எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் கிறிஸ்தியான் அதில் மூழ்கித் தத்தளிக்கிறான். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அழைப்பு வருகிறது. ஊன்றுகோலில் நடந்துவந்தவர் அதை மகனுக்கென்று விட்டுச்செல்கிறார், வாழ்நாளெல்லாம் பயந்தே கிடந்த பெண் பாடிக்கொண்டே கடக்கிறாள். சிறுவர்களுக்கான சுருக்கங்கள் பலவும் இதற்கு முன்பே, முதல் பாகத்தோடு முடிந்துவிடுகின்றன. ‘சின்ன வயதிலேயே படித்தாயிற்று’ என்று சொல்லும் பலரும் உண்மையில் படித்திருப்பது பாதிப் புத்தகம். கிறிஸ்தியானாவின் பாதி அவர்களுக்கு இன்னும் புதிதுதான்.