கிளுவை வேலி

மல்லாங்கிணற்றில் எங்கள் புஞ்சைக்கும் சித்தப்பா புஞ்சைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி இருந்தது. 1962-ல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்த வருடம், இருவரும் சேர்ந்து நட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கிளுவைப் போத்துகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து போட்டது நானும் என் அக்காவும்தான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு வேலி என்றால் கல்லுக்காலும் முள்கம்பியும்தான். உயிர்வேலி வளர்ப்பது தனி வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டைவிரல் தடிமனுள்ள போத்துகளை வெட்டி, சாணுக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். துளிர்த்து வந்ததும் ஆசையாக உயர விட்டுவிடக் கூடாது. நுனியை வெட்டினால்தான் பக்கக் கிளை வெடிக்கும். அடியில் அகலமாகவும் மேலே போகப் போக ஒடுக்கமாகவும் வெட்ட வேண்டும். மேல்பகுதி குடை மாதிரி விரிந்தால் அடியில் வெயில் படாது. அடிக்கிளை காய்ந்து ஆடு நுழையும் சந்து விழுந்துவிடும். நீண்ட கிளைகளை வெட்டாமல் படுக்கை வாக்கில் வளைத்துச் சந்துகளில் பின்னிவிடுவார் அப்பா. நாலைந்து வருடத்தில் கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டது. அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் தானாக ஏறின. ஓணானும் தவிட்டுக்குருவியும் குடியேறின.

ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்தபின் ஒரு நாள் வேலி வெட்டு நடக்கும். அந்தப் பக்கம் சித்தப்பா, இந்தப் பக்கம் அப்பா. அரிவாள் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும். மத்தியானம் சித்தி கொண்டுவரும் கம்மங்கூழை எல்லோரும் ஒரே வேப்பமர நிழலில் உட்கார்ந்து குடிப்போம்.

நான் பிறகு நில அளவைத் துறையில் வேலைக்குப் போனேன். சங்கிலியும் புலப்படமுமாக 35 வருடம் ஓடியது. அந்த வேலை கொடுத்த கர்வத்தில் செய்த ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு வேலியின் கதை.

சில வருடங்களுக்கு முன் ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் தமிழில் கிடைத்தது. சிறில் அலெக்ஸ் மொழிபெயர்த்த ‘உப்பு வேலி’. லண்டனில் வாங்கிய ஒரு பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பில், இந்தியாவின் குறுக்கே வெள்ளைக்காரர்கள் ஒரு பெரிய முள்வேலி வளர்த்திருந்தார்கள் என்று மாக்ஸம் படிக்கிறார். யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துக்கொண்டு பலமுறை இந்தியா வந்து, கடைசியில் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் அதன் மிச்சத்தைக் கண்டுபிடிக்கிறார். ஆங்கில மூலம் 2001-ல் வெளிவந்தது. நில அளவையில் ஊறிய எனக்கே இது புதுச் செய்தியாக இருந்தது.

வேலி எதற்கு? உப்புக்கு. கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் உப்பு வரி மிக அதிகம். ராஜபுதனத்துச் சாம்பார் ஏரி உப்போ மலிவு. அந்த உப்பு வரி கட்டாமல் கிழக்கே போய்விடக் கூடாது என்று சுங்கச் சாவடிகள் வைத்தார்கள். சாவடிகளை ஒரு கோடாக இணைத்தார்கள். 1869 வாக்கில் அந்தக் கோடு சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டிருந்தது. காவலுக்குச் சுமார் 12,000 பேர். அவ்வளவு பேர் நின்றும் இருட்டில் மூட்டை கடந்து போனது. எனவே முதலில் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தார்கள். நம் ஊர் முள் அடைப்பு மாதிரிதான். கரையான் தின்றது, தீப்பிடித்தது, காற்று அடித்துக்கொண்டு போனது. வருடாவருடம் புது முள் வெட்டிச் சுமக்க வேண்டியிருந்தது.

1867-ல் அந்தச் சுங்கத் துறைக்கு ஆணையராக வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885-ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். பறவை ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர், செடிகொடியிலும் ஈடுபாடு உள்ளவர். செத்த முள்ளைவிட உயிருள்ள வேலிதான் மலிவு, பலமும் கூட என்று முடிவு செய்தார். மண் சரியில்லாத இடத்தில் பள்ளம் தோண்டி நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அந்தந்த மண்ணுக்குத் தக்கபடி இலந்தை, கருவேல், களா, கள்ளி, மூங்கில் என்று வைத்தார்கள். நம் ஊர்ச் சம்சாரிக்குத் தெரிந்த செடிகள்தான் எல்லாம். நன்றாக வந்த இடத்தில் வேலி 10 முதல் 14 அடி உயரம், 6 முதல் 12 அடி கனம். 1878 கணக்குப்படி குறையில்லாத பச்சை வேலி மட்டும் 411 மைல். விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்.

வேலி நன்றாக வளர்ந்து முடித்த நேரத்தில் அதற்கு வேலை இல்லாமல் போனது. சாம்பார் ஏரியையே சர்க்கார் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. உப்பு எடுக்கும் இடத்திலேயே வரி போட்டுவிட்டால் நடுவில் வேலி எதற்கு? மாகாணங்களுக்கு இடையே வரி வித்தியாசத்தைக் குறைத்தார்கள். 1879-ல் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள்.

நமக்குச் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. வித்தியாசத்தைக் குறைக்க, வங்காளத்தில் வரியைக் கொஞ்சம் இறக்கி, சென்னை மாகாணத்தில் ஏற்றினார்கள். சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணா ஆனது. எந்தக் காலத்தில்? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் பக்கத்தைச் சூறையாடிய காலத்தில். கஞ்சிக்கு வழியில்லாதவன் கஞ்சிக்குப் போடும் உப்புக்குக் கூடுதல் வரி கட்டினான். வடக்கே வேலியை எடுத்த செலவில் ஒரு பங்கு நம் முன்னோர் உப்புச் சட்டியிலிருந்து போயிருக்கிறது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தபோது அவர் பின்னால் இருந்த கோபத்துக்கு வயது அதிகம்.

புத்தகத்தை மூடியபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அவ்வளவு கனமான வேலி எப்படி இருந்த தடமே தெரியாமல் போனது? எனக்குத் தோன்றிய பதில் இது. அந்த வேலியை இரண்டு பக்கத்து ஜனங்களும் விரும்பவில்லை. சம்பளத்துக்கு நின்றவன் மட்டும் காத்தான். அவன் போனதும் விறகுக்கு வெட்டினார்கள், உழுதார்கள், சில இடங்களில் அந்தத் தடத்தின் மேலேயே சாலை போட்டார்கள்.

இனி என் கதை. 1989-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, யாரும் கேட்காமலே எங்கள் புஞ்சையை அளந்தேன். வேலி எங்கள் பக்கம் ஒன்றரை அடி உள்ளே தள்ளி இருந்தது. அதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். இடத்தைக் கேட்கவில்லை, சொல்லத்தான் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அளந்துட்டேல்ல. இனி உன் கல்லு எங்க நிக்குதோ அங்க நீயே வேலி வச்சுக்கப்பா,” என்றார்.

அந்த வருடத்திலிருந்து அவர் வேலி வெட்ட வரவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. தன் பக்கத்தை மட்டும் தனியாக வெட்டினார். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய வேலி மறுபக்கம் சாய்ந்து, அடி காலியாகி, சந்து விழுந்தது. சந்தில் சீமைக்கருவேல் முளைத்தது. இருவரும் காலமான பிறகு கிளுவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது.

போன ஆவணியில் சித்தப்பா மகன் வந்தான். “அண்ணே, கம்பிவேலி போட்டுரலாமா? நீங்க அளந்த கோட்டுலயே கல்லு ஊனிக்கிறேன்,” என்றான். அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

“கம்பி வேண்டாம்ப்பா. பழைய இடத்துலயே கிளுவை வைப்போம்,” என்றேன்.

சீமைக்கருவேலைத் தூரோடு எடுத்தோம். மிஞ்சியிருந்த பழைய கிளுவைகளிலிருந்தே போத்து வெட்டி, ஐப்பசியில் சந்துகளில் ஊன்றினோம். பேரன்தான் கட்டுச் சுமந்தான். வேப்பமரத்துக்கு நேரே, ஓர் ஆள் போகும் அளவுக்குக் கடவு விட்டிருக்கிறோம். பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டது. அவன் அந்தப் பக்கம் வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். இந்தப் பக்கம், என் கை அரிவாள் பிடிக்கும் வரை நான்.