ஒன்றுக்கு முப்பத்தைந்து: ஜோஜிலா ஏறிய ஸ்டூவர்ட் டேங்கும் எங்க வீட்டுக் கொலுவும்

இந்த எபிசோடை தஞ்சாவூர்ல, எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பேசுறேன். பின்னாடி ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கும், எடிட்ல முழுசா எடுக்க முடியலை, மன்னிச்சுக்கோங்க. ரெண்டு மனை தாண்டினா வயல். குறுவை அறுவடை நடக்குது. நேத்து ராத்திரி மழை பெஞ்சதால இன்னைக்கு டயர் வண்டி உள்ள இறங்கலை, பெல்ட் வண்டிதான் ஓடுது. இந்த பெல்ட் வண்டியை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

என் முன்னாடி மேசையில ஒரு பிளாஸ்டிக் கிட் இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல ஓடின அமெரிக்க லைட் டேங்க், எம்5ஏ1 ஸ்டூவர்ட். அளவு 1/35. விலையைச் சொன்னா அம்மா கேட்டுடுவாங்க, அதனால ரெண்டு சிப்பம் பொன்னி அரிசிக்குச் சமம்னு மட்டும் வெச்சுக்கலாம். எந்த கம்பெனின்னும் சொல்லப் போறதில்லை, ஏன்னா கொஞ்சம் திட்டப் போறேன்.

முதல்ல, ஏன் 35? 24, 48, 72 எல்லாம் 12-ஆல வகுபடுற எண். அடி, அங்குலத்துல யோசிக்கிறவங்களுக்கு அது வசதி. 35 எதுக்கும் வசதி இல்லை. 1960களின் தொடக்கத்துல ஜப்பானோட தமியா கம்பெனி ஒரு பேந்தர் டேங்க் பொம்மை செஞ்சது. உள்ள மோட்டார், பேட்டரி வெச்சு ஓட வைக்கணும். பேட்டரி உட்கார எவ்வளவு இடம் வேணுமோ அந்த அளவுக்கு உடம்பை வெச்சாங்க. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 1/35. அந்த டேங்க் நல்லா வித்துச்சு, அடுத்தது இதோட பொருந்தணும்னு அதே அளவு, அதுக்கடுத்ததும் அதே அளவு. இன்னைக்கு உலகம் முழுக்க ராணுவ வண்டி மாடல்னா 1/35தான். யாரோ அவசரத்துல எழுதின ஒரு கான்ஸ்டன்ட் 60 வருஷமா புரொடக்‌ஷன்ல ஓடுற கதை நம்ம ஆபீஸ்லயும் உண்டுதானே!

சரி, இந்த டேங்குக்கும் தஞ்சாவூர்க்காரனுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியா ஒண்ணும் இல்லை. ஆனா இந்த டேங்க் இந்தியாவுக்காக செஞ்ச பெரிய வேலைக்கு ரோடு போட்டது மதராஸ் சாப்பர்ஸ். ராணுவத்துல இவங்களுக்கு செல்லப்பேரே 'தம்பி'. 1780-ல சென்னையில தொடங்கின படை அது, இப்போ தலைமையிடம் பெங்களூரு. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுற ஊர்கள்ல இருந்து ஆள் எடுக்கிற இன்ஜினியர் படை. பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது இவங்க வேலை.

1948 கோடை. காஷ்மீர் போர் நடக்குது. ஸ்ரீநகர்ல இருந்து லே போற வழியில ஜோஜிலா கணவாயை எதிர்த்தரப்பு பிடிச்சிடுச்சு. ஆகஸ்ட்ல ஸ்கர்துவும் விழுந்துடுச்சு. லடாக் கிட்டத்தட்ட துண்டிக்கப்பட்ட நிலை. குளிர்காலம் வந்து பனி மூடிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. செப்டம்பர்ல 77 பாரா பிரிகேட் காலாட்படையை மட்டும் வெச்சு ஏறிப் பார்த்தாங்க. மேல பாறை இடுக்குகள்ல இயந்திரத் துப்பாக்கி இருந்தது. தாக்குதல் தோத்துப் போச்சு.

அப்போதான் ஜெனரல் திம்மையா டேங்க் கேட்டாரு. ஜோஜிலா உயரம் சுமார் 3,500 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அவ்வளவு உயரத்துல காற்றோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 30 சதவீதம் குறைவு, இன்ஜின் மூச்சு வாங்கும். இருந்தது கோவேறு கழுதை போற பாதை. அதுவரைக்கும் உலகத்துல யாரும் அந்த உயரத்துல டேங்கை சண்டைக்கு இறக்கினதில்லைன்னு சொல்லுவாங்க.

டேங்க் கொடுத்தது 7-வது லைட் கேவல்ரி, தலைமை லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். 'ஸ்பாரோ'ன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இந்த ரெஜிமென்ட்டே 1784-ல மதராஸ் குதிரைப்படையா தொடங்கினது. 1944-ல இம்பால்ல ஜப்பானியர்களுக்கு எதிரா ஸ்டூவர்ட்லயே சண்டை போட்டவங்க. ஆக வண்டியோட குணம் இவங்களுக்குப் புதுசில்லை, மலைதான் புதுசு.

இப்போ கிட்டுக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் வெர்னியர் எடுத்து அளந்தேன். பக்கவாட்டுத் தகடோட சேர்த்து உண்மையான வண்டி சுமார் 4.84 மீட்டர் நீளம், 35-ஆல வகுத்தா 13.8 சென்டிமீட்டர். கிட் 13.7. பாஸ். பீரங்கி 37 மில்லிமீட்டர், அப்போ கிட்ல குழல் வாய் 1 மில்லிமீட்டர் சொச்சம் இருக்கணும். இதுல வாயே இல்லை, நுனி அடைச்சுக் கிடக்கு. பின்வைஸ்ல சின்ன டிரில் பிட் மாட்டி நானே துளை போட்டேன். மூடிகளோட உள்பக்கம் வட்ட வட்டமா மோல்டு தழும்பு, எல்லாத்தையும் புட்டி வெச்சுத் தேய்க்கணும்.

பாராட்ட வேண்டியது பின்பக்க மேல்தளம். ஸ்டூவர்ட்ல எம்3, எம்5னு ரெண்டு குடும்பம். எம்3-க்குள்ள இருந்தது விமான வகை ரேடியல் இன்ஜின். விமானத்துக்கே அந்த இன்ஜின் தேவைப்பட்டதால, எம்5-ல ரெண்டு கெடிலாக் கார் இன்ஜினைப் பக்கத்துப் பக்கத்துல வெச்சாங்க, கியர் ஆட்டோமேட்டிக். அதுக்கு இடம் வேணும்னு பின்தளம் ஒரு படி உயர்ந்தது, முன்பக்கத் தகடு ஒரே சாய்வா வந்தது. ஜோஜிலா ஏறினது எம்5. 'ஜோஜிலா டேங்க்'னு சொல்லி எம்3 கிட் வாங்கிடாதீங்க. பின்தளம் தட்டையா இருந்தா அது வேற வண்டி.

இப்போ பெல்ட் வண்டி. டயர் வண்டி ஈர வயல்ல ஏன் புதையுது? மொத்த எடையும் நாலு சின்ன இடத்துல அழுத்துது. பெல்ட்ல அதே எடை நீளமா பரவுது. அதனாலதான் மழைக்கு அப்புறம் மணிக்கு வாடகை அதிகம்னாலும் எங்க ஊர்ல பெல்ட் வண்டிக்கு வரிசையில நிக்கிறாங்க. ஸ்டூவர்ட்டுக்கு முந்தின டேங்க் எம்2ஏ4. அதுல கடைசிச் சக்கரம் தரையைத் தொடாம மேல தொங்கும். எடை கூடினதும் ஸ்டூவர்ட்ல அந்தச் சக்கரத்தைப் பெருசாக்கித் தரைக்கு இறக்கினாங்க. பெல்ட் தரையில படுற நீளம் கூடுச்சு, அழுத்தம் குறைஞ்சது. இந்த வண்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரியுறதே அந்தப் பின்சக்கரத்தாலதான். கிட்டத்தட்ட 15 டன் எடை, ஈரமும் பனியுமா இருக்கிற புது மண்ரோட்டுல போகணும்னா அந்தக் கடைசிச் சக்கரம் சும்மா அலங்காரம் இல்லை.

என் கிட்ல இடதுபக்கப் பின்சக்கரம் தரையைத் தொடலை. அரை மில்லிமீட்டர் அந்தரத்துல நிக்குது. கண்ணாடி மேல வெச்சுப் பார்த்தேன், கீழ ஏ4 பேப்பர் தாராளமா போகுது. பெல்ட்டோ ஒரே துண்டு வினைல், ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்துப் பிடிச்சு அந்தச் சக்கரத்தை இன்னும் மேல தூக்குது. இன்டர்நெட்ல இந்த கிட்டுக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார் கொடுத்திருக்காங்க. என் கணக்குல மூணு. நட்டு, போல்ட் எல்லாம் அழகா வார்த்துட்டு, வண்டியோட மூல யோசனையைக் கோட்டை விட்டா எப்படி? அச்சை அறுத்து, சக்கரத்தை இறக்கி, சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினேன். ரெண்டு ராத்திரி போச்சு.

டெக்கல் ஷீட்ல அமெரிக்க நட்சத்திரம் மட்டும்தான். இந்தியாவுக்கு ஒண்ணும் இல்லை. கற்பனையா நம்பர் எழுத மனசு வரலை, வெறும் பச்சையா விட்டுட்டேன்.

ஆனா எனக்கு உண்மையான சிக்கல் வேற. பெட்டிக்குள்ள டேங்க் இருக்கு, ரோடு இல்லை. மேஜர் தங்கராஜூ தலைமையில மதராஸ் சாப்பர்ஸோட ரெண்டு ஃபீல்டு கம்பெனி, பால்டால்ல இருந்து கணவாய்க்கு ஏறுற அந்தக் கழுதைப் பாதையை சுமார் 5 கிலோமீட்டருக்கு வெட்டி அகலப்படுத்தினாங்க. பாறையை வெடி வெச்சு உடைக்கணும், சரிவுல கல்லடுக்கி விளிம்பைத் தாங்க வைக்கணும், மேல இருந்து சுடுறவனுக்குத் தெரியாம செய்யணும். இதெல்லாம் கடல்மட்டத்துக்குப் பக்கத்துல பிறந்து, வாழ்க்கையில பனியே பார்க்காத தென்னாட்டுப் பையன்கள் அக்டோபர் குளிர்ல செஞ்சது. ஸ்பாரோவுக்கு மகாவீர் சக்ரா கிடைச்சது, கிடைக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிஞ்சு கையில கடப்பாரையோட நிக்கிற ஒரு தம்பி உருவத்தை 1/35-ல யாரும் விக்கலை. ஜெர்மன் வீரன் உட்கார்ந்து காபி குடிக்கிற பொம்மைகூட கிடைக்குது.

டேங்க் வந்து சேர்ந்த விதமும் ரசமானது. ஜம்மு பக்கத்துல அக்னூர்ல இருந்து வரணும். வழியில பாலங்கள் எடை தாங்காது, யார் கண்ணுலயும் படவும் கூடாது. டரட்டைக் கழட்டித் தனியா ஏத்தி, வண்டிகளை மூடி, ஸ்ரீநகரை ராத்திரியில கடந்து, பாலங்கள்ல வின்ச் போட்டு இழுத்துக் கொண்டுபோனாங்க. தாக்குதல் பனியால தள்ளிப்போய், 1948 நவம்பர் 1 அன்னைக்கு ஸ்டூவர்ட்டுகள் கணவாய்க்குள்ள நுழைஞ்சது. திம்மையாவே முன்னணி டேங்க்ல போனாருன்னு சொல்லுவாங்க. எதிர்த்தரப்பு டேங்கை எதிர்பார்க்கவே இல்லை. ஐரோப்பாவுல 1944-லயே ஜெர்மன் டேங்குகள் முன்னாடி செல்லாக்காசான 37 மில்லிமீட்டர் பீரங்கி, இங்க பதுங்குகுழிகளுக்கு எமனாச்சு. அன்னைக்கே கணவாய் திறந்தது. நவம்பர் 24-ல கார்கில்ல, லே பக்கத்துல இருந்து வந்த படையோட கை கோத்தாங்க. 1949 ஜனவரி 1-ல போர் நிறுத்தம்.

நம்ம பக்கமா பேசுறப்ப ஒண்ணை மறக்கக் கூடாது. மேல பாறை இடுக்குல செத்தவனுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும். பெயின்ட் அடிக்கிறப்ப அது அப்பப்ப உறுத்துச்சு.

கடைசியா, எங்க கொலு. படிக்கட்டுக்குக் கீழ வழக்கமா பார்க் போடுவோம், தெப்பக்குளம், செட்டியார் கடை, ரெண்டு தலையாட்டி பொம்மை. இந்த வருஷம் ஓரத்துல ஒன்றரை அடிக்கு தெர்மோகோல் மலை. அம்மா முதல்ல, "சாமி காலடியில டேங்க் எதுக்குடா?"ன்னாங்க. "டேங்க் இல்லம்மா, ரோடு"ன்னேன். பாதி உண்மை. 28 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாதை, அதாவது உண்மையில சுமார் 10 மீட்டர். கல்லு நம்ம வெண்ணாத்து மணலைச் சலிச்சு எடுத்தது. ஆறு ஆள், பழைய ஜெர்மன் உருவங்களை வெட்டி, தொப்பியை மாத்தி, துப்பாக்கிக்குப் பதிலா மண்வெட்டி வெச்சது. டரட்டை நான் ஒட்டலை, எடுத்து மாட்டுற மாதிரி விட்டுட்டேன். முதல் நாள் அது தனியா, லாரி மாதிரி ஒரு டப்பாவுல இருந்தது.

பக்கத்து வீட்டுக் குட்டிப்பையன் சுண்டலோட வந்து பார்த்துட்டு, "அண்ணா, இந்த வண்டிக்குத் தலை எங்க?"ன்னான். "இன்னும் ஸ்ரீநகர் தாண்டலைடா, ஒன்பதாம் நாள் வா"ன்னு சொல்லி அனுப்பினேன். நவமி அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்து நின்னான்.